விநாடி அக்காவின் மூன்றாவது லிஃப்ட்

எங்கள் ஆபீஸில் அவரை எல்லோரும் விநாடி அக்கா என்றுதான் கூப்பிடுவோம். அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவரான முதலாளிகூட, "இந்தத் தாளை விநாடி அக்கா பாத்தாச்சா?" என்றுதான் கேட்பார். வயதுக் கணக்கு அங்கே யாருக்கும் ஞாபகம் வராது.

கட்டடங்களுக்கு லிஃப்ட் வைத்துக் கொடுக்கிற சின்னக் கம்பெனி எங்களுடையது. மொத்தம் பதினாலு பேர். சாமான் வாங்கும் பிரிவு என்னுடையது. பிரிவு என்றால் நானும் ஒரு டெலிபோனும். திட்டம் போடுகிறவர் அக்கா. கட்டடம் எத்தனை மாடி, தினம் எத்தனை பேர் வந்து போவார்கள், அதற்கு எத்தனை லிஃப்ட் வேண்டும், எவ்வளவு பெரிசு, எவ்வளவு வேகம் என்று கணக்குப் போட்டு அவர் வரைந்த தாள் என் மேஜைக்கு வந்த பிறகுதான் நான் ஒரு போல்ட்டுக்குக்கூட ஆர்டர் கொடுப்பேன்.

அவர் கழுத்தில் ஒரு ஸ்டாப்வாட்ச் தொங்கும். அதோடு வந்த கயிறு அறுந்துபோய், மகளின் பழைய ஷூ லேஸில் கட்டியிருந்தார். இடது கையில் ஆள் எண்ணுகிற சின்னக் கருவி. கட்டைவிரலால் அமுக்கினால் ஒவ்வொன்றாக ஏறும். புதுக் கட்டடத்துக்குத் திட்டம் போடுவதற்கு முன்னால், அதே மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற இன்னொரு கட்டடத்துக்குப் போய், காலை ஒன்பது மணிக்குத் தூணோடு தூணாக நின்றுவிடுவார். யார் வந்தார்கள், எத்தனை பேர், லிஃப்டுக்காக எவ்வளவு நேரம் நின்றார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு கட்டடத்துக் காவலாளி அவரைச் சந்தேகப்பட்டு முதல் நாள் வெளியே அனுப்பினார். மறுநாளும் அனுப்பினார். மூன்றாம் நாள் அவரே ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, தன் எண்ணிக்கையில் இரண்டு பேர் கூட வருவதாக அக்காவிடம் வாக்குவாதம் செய்தார்.

முப்பது விநாடி வரைக்கும் மனுஷன் நிற்பதே தெரியாமல் நிற்பான், நாற்பதுக்குப் பொறுத்துக்கொள்வான், அறுபதைத் தாண்டினால் ஏற்கெனவே எரிகிற பட்டனைத் திரும்பத் திரும்ப அமுக்க ஆரம்பிப்பான் என்பது அக்காவின் அனுபவம். பட்டனை அமுக்குகிறவர்களை அவர் குறை சொல்லமாட்டார். அது நம்ம மேல விழற திட்டு, பாவம் பட்டன் வாங்கிக்குது என்பார்.

இவ்வளவு விநாடிக் கணக்குப் பார்க்கிற பெண்ணுக்கு வாய்த்த கணவரோ உலகத்திலேயே நிதானமான மனிதர். ஒரு பள்ளிக்கூடத்தின் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, துடைத்து, அடுக்கி வைப்பது அவர் வேலை. அவசரப்பட்டால் உடைந்துவிடும் என்கிற பழக்கம் கைக்கு வந்து, பிறகு காலுக்கும் பரவிவிட்டது. பதிவு அலுவலகத்தில் கல்யாணம் பண்ணிக்கொண்ட அன்றைக்கே மாப்பிள்ளை நாற்பது நிமிஷம் தாமதம். பயமாக இல்லையா என்று நான் ஒருமுறை கேட்டேன். "வருவார்னு தெரியும். எப்போன்னுதான் தெரியாது. இன்னிக்கு வரைக்கும் அப்படித்தான்" என்று அக்கா சிரித்தார். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அவருக்காக நிற்கும்போது மட்டும் ஸ்டாப்வாட்சைப் பைக்குள் போட்டுவிடுவார்.

நான் சொல்லவந்தது கண்ணாடிக்காரர் கட்டடத்தின் கதை.

கண்ணாடிக்காரர் என்பவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர். தெருமுனையில் ஒரு கடையில் ஆரம்பித்து, அது நாலாகி, கடைசியில் பத்து மாடியில் ஒரு வணிகக் கட்டடமே கட்டத் தொடங்கிவிட்டார். ஆறடிக்கு மேல் உயரம். எந்த வாசலிலும் இடித்துக்கொள்ளாமல் இருக்கப் பழகி, வாசலே இல்லாத இடத்திலும் கொஞ்சம் குனிந்தே நடப்பார். நல்ல மனிதர். ஆனால் தன் கட்டடத்தில் ஒரு அடி இடம் சும்மா கிடந்தால் அவருக்குத் தூக்கம் வராது.

அக்கா அந்தக் கட்டடத்துக்கு மூன்று லிஃப்ட் போட்டிருந்தார். லிஃப்ட் ஏறி இறங்க அடி முதல் உச்சி வரை செங்குத்தாக ஒரு கான்கிரீட் கூடு வேண்டும். அதை ஷாஃப்ட் என்போம். மூன்று லிஃப்டுக்கு மூன்று ஷாஃப்ட். கண்ணாடிக்காரர் வரைபடத்தைப் பார்த்தார். மூன்றாவது ஷாஃப்டின் மேல் விரலை வைத்தார். இதை எடுத்துவிட்டால் மாடிக்கு ஒரு சின்னக் கடை கிடைக்கும், பத்து மாடிக்குப் பத்து கடை என்றார். இரண்டு லிஃப்ட் போதாதா, ஜனங்கள் அனுசரித்துப் போகமாட்டார்களா என்று கேட்டார்.

அக்கா வாதாடவில்லை. மறுநாள் காலை எட்டே முக்காலுக்கு இன்ன கட்டடத்தின் வாசலுக்கு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். அதுவும் பத்து மாடி. ஆனால் இரண்டே லிஃப்ட். கண்ணாடிக்காரர் வந்தார். அவரை ஒன்பதாவது மாடிக்குப் போய்விட்டுத் திரும்பி வரச் சொன்னார் அக்கா. மனிதர் லிஃப்ட் வாசலில் போய் நின்றார். முதல் லிஃப்ட் வந்து நிரம்பிப் போனது. இரண்டாவதும் போனது. மூன்றாவது முறை கதவு திறந்தபோது நுழையப் பார்த்தவரை ஒரு பெண், "பின்னாடி போங்க சார், நாங்களும் நிக்கறோம்ல?" என்று தடுத்துவிட்டார். நான்காவது நிமிஷம் கண்ணாடிக்காரர் பட்டனை அமுக்க ஆரம்பித்தார். தூண் பக்கத்திலிருந்து அக்கா ஒன்று, இரண்டு என்று எண்ணினார். பதினொன்று வரை போனது.

அதற்குப் பிறகுதான் கணக்கைக் காட்டினார். "உங்க கட்டடத்துக்குக் காலையில கூட்ட நேரத்துல அஞ்சு நிமிஷத்துக்கு அறுபத்தேழு பேர் வருவாங்க. ரெண்டு லிஃப்ட் அம்பது பேரைத்தான் தூக்கும். அஞ்சு நிமிஷத்துக்குப் பதினேழு பேர் கீழேயே தங்கிடுவாங்க. அரை மணி நேரத்துல நூறு பேர். அந்த நூறு பேரும் உங்க கண்ணாடிக் கடை வாசலை மறைச்சுக்கிட்டு நிப்பாங்க."

மூன்று ஷாஃப்டும் இருக்கட்டும் என்றார் கண்ணாடிக்காரர்.

கட்டடம் எழும்பியது. ஷாஃப்ட்கள் மூன்றும் முடிந்து, எங்கள் ஆட்கள் உள்ளே இறங்கினார்கள். எங்கள் தலைமை ஃபிட்டர் பெயர் மில்லி. எதையும் மில்லிமீட்டரில்தான் பேசுவார். தன் மச்சினனுக்குப் பெண் பார்த்துவிட்டு வந்து, பெண் ஆயிரத்து அறுநூறு மில்லி இருப்பாள் என்று வீட்டில் சொன்னவர் என்று ஒரு கதை உண்டு. அவர் அதை மறுத்ததில்லை. ஷாஃப்டின் உச்சியிலிருந்து அடி வரை மெல்லிய கம்பிகளில் குண்டு கட்டித் தொங்கவிட்டு, சுவர் எந்த மாடியில் எவ்வளவு கோணியிருக்கிறது என்று அளந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவார். அந்த நோட்டை அவர் மனைவிகூடத் தொடமுடியாது.

அக்காவுக்கும் மில்லிக்கும் இருபது வருஷப் போராட்டம். இருவரும் நேரில் அதிகம் பேசிக்கொள்ளமாட்டார்கள். சண்டையெல்லாம் வரைபடத்தின் ஓரத்தில்தான் நடக்கும். மில்லி சிவப்புப் பென்சிலால் எழுதி அனுப்புவார். ஒருமுறை, "தாளில் சுவர் நேராக இருக்கிறது. இங்கே இல்லை" என்று எழுதியிருந்தார். அக்கா அதற்குக் கீழே நீல மசியில், "சுவரிடம் சொல்லவும்" என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தத் தாளை நான் ஃபைலில் போடாமல் என் டிராயரில் பத்திரமாக வைத்திருந்தேன்.

முதல் இரண்டு லிஃப்டின் வேலை முக்கால்வாசி ஆகி, மூன்றாவது ஷாஃப்டில் நாலு மாடி உயரத்துக்கு ரெயில்கள் ஏறியிருந்த சமயம். லிஃப்ட் பெட்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடாமல் ஓட அந்த இரும்பு ரெயில்கள்தான் பிடிமானம். அக்கா ஒரு சின்ன அளவு சரிபார்க்க ஏழாவது மாடிக்குப் போயிருந்தார். அங்கே ஒரு குள்ளமான அம்மா, புடவையைச் சற்றுத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறும் தரையில் சாக்பீஸால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு வேடிக்கையாக இருந்தது. என்ன வரைகிறீர்கள் என்று கேட்டார். கட்டில்கள் என்றார் அந்த அம்மா. அவர் எலும்பு டாக்டர். ஏழாவது மாடி முழுவதையும் அவர்தான் எடுத்திருந்தார். முட்டி, இடுப்பு வைத்தியத்துக்குப் பன்னிரண்டு படுக்கை போடப்போகிறார்.

அக்காவின் தாளில் ஏழாவது மாடிக்கு எதிரே எழுதியிருந்தது, இன்ஷூரன்ஸ் ஆபீஸ், அறுபது பேர். அவர்கள் ஆறு மாதத்துக்கு முன்பே வேண்டாம் என்று போய்விட்டார்களாம். கண்ணாடிக்காரர் டாக்டருக்குக் கொடுத்துவிட்டார். கரண்ட் வேலைக்காரர்களுக்குச் சொன்னார், தண்ணீர்க் குழாய்க்காரர்களுக்குச் சொன்னார். லிஃப்டுக்காரர்களுக்குச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை.

டாக்டர் அம்மா நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டார்: "ஸ்ட்ரெச்சர் எந்த லிஃப்ட்டுல வரும்?"

எதிலும் வராது. அக்கா திட்டமிட்ட மூன்று பெட்டிகளும் ஒரே மாதிரி. அகலம் நிறைய, ஆழம் ஒண்ணே கால் கஜம்கூட இல்லாத ஆபீஸ் பெட்டிகள். நின்றுகொண்டு வருகிறவர்களுக்கு அருமையான பெட்டி. ஆறடி நீள ஸ்ட்ரெச்சர் அதில் பாதிதான் நுழையும். அக்கா டாக்டரிடம் நாளைக்குச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் படியில் இறங்கினார். ஏழு மாடியும் இறங்கி வந்த பிறகு, எதை அளக்கப் போனோம் என்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னார்.

முதலாளி விஷயத்தைக் கேட்டார். அவர் கெட்டவர் இல்லை; கம்பெனியைப் பார்க்கவேண்டியவர். வரைபடத்தில் கண்ணாடிக்காரர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், மாடியை வேறு ஆளுக்குக் கொடுத்தது அவர், நமக்குச் சொல்லாததும் அவர், நம்மை யாரும் ஒன்றும் கேட்கமுடியாது என்றார். எல்லாம் உண்மை. நான்கூடத் தலையை ஆட்டினேன். அக்கா எழுந்து ஜன்னல் பக்கம் போய், "சட்டப்படி சரிதான் சார். ஆனா நோயாளியை எப்படி ஏத்துவாங்க?" என்றார். நாற்காலியில் உட்கார வைத்துத்தான் என்றார் முதலாளி. இடுப்பு உடைந்தவரையா என்று அக்கா கேட்கவில்லை. முதலாளியே தன் பதிலைத் தானே கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அக்கா காய் நறுக்கிக்கொண்டே கணவரிடம் சொன்னார். அவர் வழக்கமான நிதானத்தோடு ஒரு டம்ளரைக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடி கழுவினார். அக்கா காத்திருந்தார். கடைசியில் அவர், "உன் தப்பா, அவர் தப்பாங்கறது இருக்கட்டும். அதைச் சரிபண்ண வழி இருக்கா, இல்லையா? அதை மட்டும் சொல்லு" என்றார். அக்காவுக்கு அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. அவரே தன்னைக் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, காய் நறுக்கின பலகையின் பக்கத்திலேயே ஒரு பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டுப் படம் வரைய ஆரம்பித்தார். அன்றைக்குச் சமைத்தது கணவர். எட்டு மணிக்கு ஆகவேண்டிய சாப்பாடு ஒன்பதே காலுக்கு ஆனது.

வழி இருந்தது. லிஃப்ட் பெட்டிக்கு ஈடாக ஒரு இரும்பு எடை கயிற்றின் மறுமுனையில் தொங்கும். பெட்டி ஏறினால் அது இறங்கும், பெட்டி இறங்கினால் அது ஏறும். கவுன்ட்டர் வெயிட் என்பார்கள். மூன்று ஷாஃப்டிலும் அது பெட்டிக்குப் பின்னால் ஓடும்படி அக்கா வைத்திருந்தார். அதனால்தான் பின்பக்கம் இடம் போனது. அந்த எடையைப் பெட்டியின் பக்கவாட்டுக்குக் கொண்டுவந்துவிட்டால், பெட்டியைக் குறுக்கி நீட்டலாம். அகலம் குறையும், ஆழம் இரண்டு மீட்டர் கிடைக்கும். பெட்டி தூக்கப்போவது அதே பதிமூன்று பேர் எடைதான். மோட்டாரும் கதவுகளும் மாறவேண்டாம். ஆனால் ரெயில்கள் முழுவதும் இடம் மாறும். மேலே மெஷின் அறையில் மோட்டாரைத் திருப்பி வைக்கவேண்டும், கயிறு இறங்கத் தரையில் புதிதாகத் துளை போடவேண்டும். மில்லி ஏற்றி முடித்த நாலு மாடி வேலையும் வீண்.

நான் பெட்டி செய்கிற தொழிற்சாலைக்குப் போன் போட்டேன். இரண்டு பெட்டிக்குத் தகடு வெட்டியாகிவிட்டது, மூன்றாவது நாளை மறுநாள் வெட்டப்போகிறோம் என்றார்கள். நிறுத்துங்கள் என்றேன். எதற்கு என்று கேட்டார்கள். திட்டம் போட்டவர் யோசிக்கிறார் என்றேன். வேறு என்ன சொல்ல.

புது வரைபடத்தை ஆள் மூலம் அனுப்பியிருக்கலாம். எப்போதும் அப்படித்தான் போகும். இந்தத் தடவை அக்கா தானே எடுத்துக்கொண்டு போனார். ரெயிலைச் சுவரோடு பிடித்து நிறுத்துகிற பிராக்கெட்டுகளின் கணக்குப் பார்க்க என்னையும் கூட வரச் சொன்னார். தனியாகப் போகப் பயம் என்று நான் நினைத்துக்கொண்டேன். படியேறும்போது மாடிக்கு மாடி நின்று மூன்றாவது ஷாஃப்டின் வாசல் வழியே எட்டிப் பார்த்தார். உதடு அசைந்துகொண்டே இருந்தது.

நாலாவது மாடி உயரத்தில், ஷாஃப்டுக்குள் போட்ட பலகை மேடையில், பாதுகாப்புக் கயிறு மாட்டிக்கொண்டு மில்லி நின்றிருந்தார். கூட இரண்டு ஃபிட்டர்கள். அக்கா வாசல் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"மேஸ்திரி, நான் ஒரு தப்பு பண்ணிட்டேன்."

மில்லி திரும்பவில்லை. "எந்தத் தாள்ல?"

"தாள்ல இல்ல. தாள் போடறதுக்கு முன்னாடி. ஏழாவது மாடிக்கு யார் வர்றாங்கன்னு நான் திரும்பக் கேக்கவே இல்ல. படுக்க வெச்சுக் கொண்டுபோற ஆளுங்க வரப்போறாங்க."

மில்லி கையை நீட்டி வரைபடத்தை வாங்கினார். பலகையில் விரித்து, குத்துக்காலிட்டு உட்கார்ந்து படித்தார். படித்தார் என்றால், ஒரு கடிதத்தைப் படிக்கிற மாதிரி. ஃபிட்டர்கள் இருவரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டார்கள். கீழே எங்கேயோ கலவை மெஷின் சுற்றுகிற சத்தம் மட்டும் மேலே வந்துகொண்டிருந்தது.

"நாலு மாடி ஏத்தியிருக்கேன்" என்றார்.

"தெரியும்."

"எத்தனை போல்ட்டுன்னு தெரியுமா?"

"தொண்ணூத்தாறு. வரும்போது எண்ணிக்கிட்டுத்தான் வந்தேன்."

"தொண்ணூத்தெட்டு. மூணாவது மாடில சுவர் சரியில்லைன்னு ரெண்டு கூடுதலாப் போட்டேன்." மில்லி தாளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். பிறகு ஃபிட்டர்களைப் பார்த்து, "மேல இருந்து கழட்டிக்கிட்டு வாங்க. ஒரு போல்ட் கீழ விழக்கூடாது" என்றார்.

அவ்வளவுதான். இருபது வருஷமாக இந்தச் சந்தர்ப்பத்துக்காகவே காத்திருந்தவர் மாதிரி ஏதாவது சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அக்காவும் எதிர்பார்த்திருக்கவேண்டும். மில்லி மறுபடி பேசியபோது வேறு விஷயம் பேசினார். புதுப் பெட்டிக்கு முன்பின்னாக எவ்வளவு இடம் வேண்டும் என்று கேட்டார். இரண்டாயிரத்து நானூற்று அறுபது என்றார் அக்கா. வேறு யாரும் தொடக்கூடாத அந்த நோட்டை மில்லி சட்டைப்பையிலிருந்து எடுத்தார். மாடி மாடியாக விரல் வைத்து இறங்கினார். ஆறாவது மாடியில் விரல் நின்றது.

"இங்க இரண்டாயிரத்து நானூத்தி நாப்பத்தெட்டுதான் இருக்கு. கான்கிரீட் போடறப்போ பலகை தள்ளிடுச்சு. சுவருக்கு வயிறு."

பன்னிரண்டு மில்லி. ஒரு விரல் தடிமன்கூட இல்லை. அதற்காக முழுத் திட்டமும் நின்றுவிடும். பெட்டியைச் சின்னதாக்கினால் ஸ்ட்ரெச்சரோடு கூட நிற்கிற ஆளுக்கு இடம் இருக்காது. மில்லி நோட்டை மூடி, கட்டட இன்ஜினியர் ஒத்துக்கொண்டால் வயிற்றைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

இன்ஜினியர் வந்து சுவரைத் தட்டிப் பார்த்தார், தன் வரைபடத்தைப் பார்த்தார். தள்ளி நிற்பது பலகை விலகியதால் வந்த உபரிக் கான்கிரீட்தான், உள்கம்பி ஆழத்தில் இருக்கிறது, அதுவரைக்கும் செதுக்கலாம், பதினைந்து மில்லிக்கு மேல் ஒரு நூல்கூடப் போகக்கூடாது என்றார். மில்லி வேறு யாரையும் விடவில்லை. முகத்தில் துணி கட்டிக்கொண்டு இரண்டு நாள் தானே உட்கார்ந்து செதுக்கினார். மூன்றாம் நாள் என் மேஜைக்கு அக்காவின் புது வரைபடம் திரும்பி வந்தது. ஆறாவது மாடிக்கு நேரே ஓரத்தில் சிவப்புப் பென்சிலில், "சுவரிடம் சொல்லியாச்சு" என்று எழுதியிருந்தது.

அக்கா அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தார். சளி பிடித்திருக்கிறது என்றார்.

இதற்கு நடுவில் கண்ணாடிக்காரரிடமும் சொல்லவேண்டியிருந்தது. திறப்பு மூன்று வாரம் தள்ளிப்போகும். அக்கா எங்கள் முதலாளியோடு போய்த் தன் தப்பைச் சொன்னார். அவர் பதறிப்போய், இல்லை இல்லை, மாடியை மாற்றிக் கொடுத்ததைச் சொல்லாதது தன் தப்பு என்றார். அக்கா, கேட்கவேண்டியது தன் வேலை என்றார். அவர் விடவில்லை. கடைசியில் இருவரும் எங்கள் முதலாளியைப் பார்த்தார்கள். தப்பை ஆளுக்கு ஆள் இப்படிப் பிடுங்கிக்கொள்கிற கூட்டத்தில் தான் அதுவரை உட்கார்ந்ததே இல்லை என்று முதலாளி பிறகு எங்கள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார்.

பிராக்கெட்டுகள் வந்தன. ரெயில்கள் புது இடத்தில் ஏறின. நீளப் பெட்டி வந்து இறங்கியது. மெஷின் அறையில் மோட்டாரைத் திருப்புவதற்குள் எல்லோருக்கும் நாக்கு வெளியே வந்துவிட்டது. ஒருவழியாகச் சோதனை நாள். இரும்புக் கட்டிகளை அடுக்கி, தாங்கவேண்டிய எடைக்கு மேலே கால்பங்கு ஏற்றி ஓட்டினார்கள். வேகமாக இறங்கும்போது பிரேக்கைப் பிடித்துப் பார்த்தார்கள். மில்லி ஒரு கண்ணாடி டம்ளரில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றிப் பெட்டித் தரையில் வைத்து, மேலே அனுப்பிக் கீழே வரவழைத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அது எந்த விதியிலும் இல்லாத சோதனை. அவருடைய சொந்தச் சோதனை.

டாக்டர் அம்மா தன் ஸ்ட்ரெச்சரைக் கொண்டுவந்திருந்தார். வெறும் ஸ்ட்ரெச்சர் நுழைந்தால் போதாது, ஆள் படுத்துப் பார்க்கவேண்டும், அதுவும் நல்ல நீளமான ஆளாக இருக்கவேண்டும் என்றார். எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் போனது. கண்ணாடிக்காரர் மறுப்புச் சொல்லிப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிப் படுத்தார். தலைமாட்டில் டாக்டர், கால்மாட்டில் ஒரு நர்ஸ். தள்ளினார்கள். சக்கரம் வாசல் இடைவெளியைத் தாண்டி உள்ளே போயிற்று. அவருடைய பாதம் கதவிலிருந்து ஒரு சாண் உள்ளேதான் இருந்தது. பக்கத்தில் நர்ஸ் திரும்பி நிற்கவும் இடம் இருந்தது. கதவு மூடியது.

வெளியே நாங்கள் மேலே எண்கள் மாறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஏழில் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு இறங்கி வந்தது. கதவு திறந்தபோது கண்ணாடிக்காரர் இன்னும் படுத்தேதான் இருந்தார்.

"அம்மா," என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார், "படுத்துக்கிட்டுப் போறப்போ கூரைதான் தெரியுது. அந்த விளக்கு நேராக் கண்ணுல அடிக்குது."

அக்கா உள்ளே போய் அண்ணாந்து பார்த்தார். நிற்கிறவர்களுக்காக நடுவில் வைத்த விளக்கு. அதை இரண்டாக்கி ஓரத்துக்குத் தள்ளச் சொல்லி அன்றைக்கே எனக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தொழிற்சாலைக்காரர்கள் மறுபடியும் எதற்கு என்று கேட்டார்கள். நோயாளி புகார் சொன்னார் என்றேன்.

கட்டடம் திறந்து இரண்டு மாதம் ஆனதும் அக்கா போய் ஐந்து நாள் காலை வேளையில் தூண் பக்கம் நின்று எண்ணினார். கணக்குப்படி கூட்ட நேரத்தில் நாற்பது விநாடிக்கு ஒரு லிஃப்ட் வரவேண்டும். நாற்பத்து மூன்று ஆயிற்று. நீளப் பெட்டியில் ஏறி இறங்க ஆட்களுக்குக் கொஞ்சம் கூட நேரம் பிடிக்கிறது. பின்னால் நிற்கிறவர் இறங்க முன்னால் நிற்கிறவர்கள் ஒதுங்கவேண்டியிருக்கிறது. அந்த மூன்று விநாடியை அறிக்கையில் எழுதவேண்டாம், யார் கேட்கப்போகிறார்கள் என்று முதலாளி சொன்னார். அக்கா எழுதினார். காரணத்தையும் எழுதினார். ஏழாவது மாடிக்கு அந்த வாரம் இருபத்தாறு பேர் படுத்தபடி போனார்கள் என்று கடைசி வரியில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த திங்கட்கிழமை ஒரு ஜவுளிக்கடைக் கட்டடத்துக்குப் போனார். ஆறு மாடி. பதினொரு மணிக்கு அந்த முதலாளியிடமிருந்து எனக்குப் போன் வந்தது. அந்த அம்மா வந்து இரண்டு மணி நேரமாகிறது, டேப் எடுக்கவில்லை, ஒரு கோடு போடவில்லை, எந்த மாடிக்கு யார் வருவார்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவார்களா, மூட்டையோடு வருவார்களா, இதற்கு முன்னால் வேறு யாருக்காவது அந்த மாடியைக் கொடுக்கப் பேசினீர்களா என்று ஒவ்வொருவராகப் பிடித்து உட்காரவைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார், எப்போதுதான் வேலையை ஆரம்பிப்பார் என்று கேட்டார்.

ஆரம்பித்தாயிற்று என்றேன்.